சாயம் ஏறாத கபம்

போன கும்ப மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை, கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு முட்டை மொத்தக் கடையின் மாடிப்படியில், என் மனைவியின் கபத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மருத்துவர் கொடுத்த சிறிய பிளாஸ்டிக் டப்பி. அவள் அதன் மூடியை இறுக்கி, செய்தித்தாளில் சுற்றி, பால் கவருக்குள் போட்டு, கவரை ஒரு பழைய துணிப்பைக்குள் வைத்துத் தந்திருந்தாள். அந்தப் பை இனி வீட்டுக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. படியில் உடைந்த முட்டையின் கரு மஞ்சள் தோலாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த வாடையோடு கீழேயிருந்து சாக்கடை வாடையும், எதிர்க் கிடங்கிலிருந்து சுக்குத் தூளும் சேர்ந்து வந்தன. பையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி ஏறினேன். பரிசோதனைக் கூடம் மாடியில் இருந்தது.

இருமல் தொடங்கியது திருவாதிரைக்கு மறுநாள். நாள் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எந்தப் பாலத்தை எப்போது மூடினார்கள், எந்த வருடம் இடவப்பாதி மழை பிந்தி வந்தது என்று அண்டை வீட்டார் என்னிடம் வந்து கேட்பார்கள். வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பின், இதுவும் புத்தகம் படிப்பதும்தான் என் பொழுது. ஆனால் அந்த இருமலைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் வீட்டில் சளி, எச்சில் போன்றவை பேச்சில் வராது. டம்ளரை உதட்டில் வைத்து யாராவது குடித்துவிட்டால், அந்த டம்ளர் அன்று முழுக்கத் தனியாகக் கிடக்கும். விடியற்காலையில் கொல்லையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்கும், தண்ணீரின் இரைச்சலுக்கு அடியில் இருமல் கேட்கும். குழாயைத் திறந்துவிட்டுத்தான் இருமுவாள். மகர மாதம் முடிவதற்குள் அவளுடைய ரவிக்கைகள் எல்லாம் தோளில் நிற்காமல் வழிய ஆரம்பித்தன.

அப்போதும் அவள் மருத்துவரிடம் வரச் சம்மதித்தது தன் தங்கைக்காக. பாலக்காட்டில் இருக்கிற தங்கைக்கு மார்பில் புற்றுநோய். முதல் தடவை மருந்து ஏற்றி, தலைமுடி கொட்டிவிட்டது. கணவர் இல்லை, ஒரே மகன் கனடாவில். இரண்டாம் முறை மருந்து ஏற்றும்போது கூடவே இருந்து பார்த்துக்கொள்ள இவள் போவதாக ஏற்பாடு. பள்ளுருத்தியில் நாங்கள் பார்த்த மருத்துவர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்து, மேல் பக்கம் ஒரு மங்கலைக் காட்டினார். பழைய தழும்பாகவும் இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம், கபத்தைச் சோதித்தால்தான் தெரியும் என்றார். புற்றுநோய் மருந்து ஏற்றியவரின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்றும் மிச்சம் இருக்காது, அவர் பக்கத்தில் போய்க் காசநோய்க்காரர் இருமினால் என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வருகையில் ஆட்டோவில் அவள் கேட்டாள்.

"ஏன்னா, அதை டப்பியிலயா துப்பணும்?"

"ஆமாம்."

"அப்பறம் அதை யாராவது திறந்து பார்ப்பாளா?"

"பார்க்கத்தானே கேக்கறா."

"அய்யே" என்று முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பரிசோதனைக் கூடம் ஒரே அறை. நடுவில் பாதி உயரத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. உள்ளே ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர். வெள்ளைக் கோட்டு நாற்காலியின் முதுகில் தொங்கியது, அவர் அதைப் போட்டுக்கொண்டு நான் பார்க்கவேயில்லை. விரல் நகங்களின் ஓரமெல்லாம் ரோஜா நிறக் கறை. "அவிடே வெச்சோளு சாமி" என்று மேசையைக் காட்டினார். மேசையில் எண்ணெய்க் காகிதத்தின் மேல் பாதி கடித்த நேந்திரம்பழ பஜ்ஜி, பழம்பொரி, இருந்தது. டப்பியை அதற்கு எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்தேன். அவர் டப்பியைத் திறந்து பார்த்தார், பிறகு பழம்பொரியை இன்னொரு கடி கடித்தார்.

ரசீது அச்சடிக்கும் இயந்திரம் மக்கர் செய்ததால் நான் அங்கேயே உட்கார வேண்டியிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்ததை எல்லாம் பார்த்தேன். சோப்புத் தண்ணீர் நிறைந்த ஒரு தட்டில் பழைய ஸ்லைடுகள் ஊறிக் கிடந்தன. அதிலிருந்து ஒன்றை எடுத்து, ரோஜாக் கறை படிந்த துணியில் துடைத்தார். டப்பியில் இருந்ததைக் குச்சியால் அதில் தேய்த்து, மின்விசிறிக் காற்றில் ஆட்டினார். சுடரின் மேல் ஒரு தரம் காட்டினார், கற்பூரத்தில் கை காட்டுவது போல. பழைய இருமல் மருந்துப் புட்டியில் சிவப்புச் சாயம் இருந்தது. தேங்கிய குட்டையில் மிதப்பதைப் போல அதன் மேல் பச்சையும் பொன்னுமாக ஒரு ஆடை. அதை ஸ்லைடின் மேல் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் பஞ்சைப் பற்றவைத்ததும் கைபேசி அடித்தது. யாரோ ஒருவரின் கல்யாண நிச்சயத்தில் பிரியாணி சரியில்லாமல் போன கதை. சாயம் கொதித்து, குமிழ்விட்டு, ஒரு மூலையில் காய்ந்தே போனது. தோளில் கைபேசியை இடுக்கியபடியே அமிலத்தை ஊற்றினார், குழாயில் அலசினார். அந்தக் குழாயின் வாயில் வடிகட்டியாக ஒரு துணி கட்டியிருந்தது. துணி முழுக்கப் பாசி. கடைசியில் நீலச் சாயம், மறுபடியும் அந்தப் பாசித் துணி வழியாக வந்த தண்ணீர்.

அன்று எனக்கு அருவருப்பு மட்டும்தான் இருந்தது, விவரம் தெரியாது. பின்னால் தேடிப் படித்தேன். காசநோய்க் கிருமியின் மேல் மெழுகுத் தோல் இருக்கிறது. சாதாரணமாகச் சாயம் அதற்குள் போகாது, ஆவி எழும் அளவுக்குச் சூடு காட்டினால் போகும். ஒருமுறை போய்விட்டால் அமிலம் ஊற்றினாலும் வெளியே வராது. மற்றக் கிருமிகள் எல்லாம் வெளுத்துப் போகும், இது மட்டும் சிவப்பாக நிற்கும். சோதனை என்பது அவ்வளவுதான். ஆனால் சூடு போதாவிட்டால் சாயம் உள்ளே ஏறாது, கொதித்துக் காய்ந்தால் சாயம் கட்டியாகப் படிந்து கண்ணை ஏமாற்றும். கபத்தைத் தடிமனாகப் பூசினால் அலசும்போது உரிந்து போகும். பூசிய இடத்தின் வழியே செய்தித்தாளின் எழுத்து தெரிந்தால் பதம் சரி என்று ஒரு கணக்கு. பழைய ஸ்லைடின் கீறலில் சாயம் தங்கும், போன நோயாளியின் கிருமியும் தங்கலாம். குழாய்த் தண்ணீரிலேயே இந்தக் கிருமியின் தீங்கில்லாத பங்காளிகள் வாழ்கின்றன, அவையும் சிவப்பாகவே நிற்கும். அழுக்கு, நோயில்லாதவருக்கு நோய் உண்டு என்றும் எழுதும், நோயுள்ளவருக்கு இல்லை என்றும் எழுதும்.

செவ்வாயன்று இன்னொரு டப்பி கொண்டுபோனேன். அன்று மாலையே இரண்டுக்கும் முடிவு வந்தது. கிருமி காணப்படவில்லை. மருத்துவர் தொலைபேசியில், சரி, ஒரு வாரத்துக்கு மாத்திரை சாப்பிடட்டும், முகக்கவசம் போட்டுக்கொண்டு போய்வரட்டும் என்றார். அவள் அன்றே பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். வெள்ளிக்கிழமை பிற்பகல் ரயில். தங்கைக்குப் பிடிக்கும் என்று நேந்திரங்காய் வறுவலைக் கட்டினாள், தலையில் கட்டிக்கொள்ள மெல்லிய பருத்தித் துணியைக் கிழித்து ஓரம் தைத்தாள். தைத்துக்கொண்டே இருமினாள்.

நான் அந்தக் குழாயையும் பழம்பொரியையும் சொன்னேன். வேறு இடத்தில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றேன்.

"ரெண்டு தரம் இல்லைன்னு எழுதிக் குடுத்தாச்சு" என்றாள். "எனக்கு வியாதி இருந்தாத்தான் உங்களுக்குத் திருப்தியாகுமா?"

"அந்த இடத்தை நீ பார்த்திருந்தா அந்தக் காகிதத்தைத் தொடமாட்டே."

"நான் தொடலை. நீங்கதான் வாங்கிண்டு வந்தேள். கை அலம்பினேளா?"

புதன்கிழமை மாலை நான் மறுபடியும் அந்தப் படியேறினேன். சண்டை போடத்தான் போனேன். பழைய ஸ்லைடு, பாசிக் குழாய், கொதித்த சாயம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தப் பெண்மணி எழுந்திருக்கவில்லை.

"சாமி ஏது ஆபீசிலா? ஹெல்த் டிபார்ட்மெண்டா?"

"இல்லை. ரிட்டயர்ட்."

"எங்கில் ஒரு சாயா குடிக்கு சாமி. பிரஷர் கூட்டண்டா." டீ குடியுங்கள், பிரஷரை ஏற்றிக்கொள்ளாதீர்கள் என்கிறார். பிறகு நாற்காலியில் சற்றுத் திரும்பி, எனக்காகத் தமிழில் சொன்னார்: "என்னோட ஸ்லைடு மோசம், சரி. சாமி கொண்டுவந்தது மாத்திரம் நல்லதோ? ரெண்டு டப்பியிலும் துப்பல். பச்சைத் தண்ணி போல. கபம் ஒரு துளி இல்லை."

"அப்போ அதை ஏன் எழுதலை?"

"எழுதினா சாமி வேற லேபுக்குப் போகும்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கமோ கோபமோ இல்லை. விலை சொல்வது போலச் சொன்னார். வெறும் எச்சில் என்று தெரிந்தே அதற்குச் சாயம் போட்டு, தெரிந்தே ‘காணப்படவில்லை’ என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். அந்த வரியை நம்பி என் வீட்டில் ஒருத்தி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் நான் பார்த்த எந்த அழுக்கும் எனக்கு அந்த ஒரு பேச்சு தந்த குமட்டலைத் தரவில்லை. கீழே வந்து சாக்கடை ஓரமாக நின்றேன். வாந்தி வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனாலும் அவர் சொன்ன முதல் பாதி உறுத்திக்கொண்டே இருந்தது. எச்சில் எப்படி வரும்? நாள்தோறும் அந்த இருமலை நான் கேட்கிறேன். நெஞ்சின் அடியிலிருந்து எதையோ பெயர்த்துக்கொண்டு வரும் இருமல் அது. வீட்டுக்கு வந்ததும், மருத்துவர் இன்னொரு டப்பி கேட்கிறார் என்று பொய் சொன்னேன்.

"மதி, போறும். இதுதான் கடைசி" என்றாள்.

வியாழக்கிழமை விடியும் நேரத்தில் சமையலறைக் கதவருகில் நின்று பார்த்தேன். கொல்லையில் அவள் குழாயைத் திறந்தாள். துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக் குனிந்து இருமினாள். முதுகெலும்பு ஒவ்வொன்றும் புடவைக்குள் தெரிந்தது. கல்லுக்குப் பக்கத்து வாய்க்காலில் துப்பினாள். உடனே ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள், இன்னொரு செம்பு ஊற்றினாள், ஈர்க்குச்சித் துடைப்பத்தால் தள்ளிவிட்டாள். பல் தேய்த்தாள். குளித்தாள். உலர்ந்த புடவை கட்டிக்கொண்டு விளக்கேற்றினாள். அதன் பிறகு டப்பியை எடுத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டுக் குழாயடியில் கழுவி, வெளுத்த துணியால் உட்பக்கத்தைத் துடைத்தாள். இடது கையால் வாயை மறைத்துக்கொண்டு, விருந்தாளி முன்னால் நாசூக்காக ஏலக்காய்த் தோலைத் துப்புவது போல, டப்பிக்குள் துப்பினாள். மூடி, மதில் மேல் வைத்து, காக்கை கொத்தாமலிருக்க ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தாள். நான் ஒன்பது மணிக்குக் கிளம்பும்வரை அது வெயிலில் இருக்கும்.

நான் கொல்லைக்கு இறங்கிப் போனேன்.

"மூணு நாளும் இப்படியா குடுத்தே?"

"பின்னே எப்படி? குளிச்சுட்டாக்கும் குடுத்தேன். ஒருத்தர் கையில குடுக்கற வஸ்து. அழுக்காவா குடுக்கறது?"

"அவாளுக்கு வேண்டியதே அந்த அழுக்குதான்."

அவளுக்குப் புரியவில்லை. வாய்க்காலைக் காட்டினேன். அங்கே ஒன்றும் இல்லை, சிமெண்டு பளபளவென்று இருந்தது.

"அதையா?" என்றாள். முகம் கோணியது. "அதை எப்படி ஒருத்தர் பார்க்கறது? எனக்கே பார்க்க முடியலை. வந்தவுடனே வெள்ளம் ஊத்திடுவேன்."

"நீ பார்த்திருக்கியா, அது என்ன நிறம்னு?"

"இல்லை."

"ஒருதரம் கூட?"

"இல்லைன்னா."

இரண்டு மாதமாக அவள் உடம்பிலிருந்து வந்ததை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அந்தக் கூடத்துக்கு நான் சுமந்து போனது சோப்புப் போட்டுக் கழுவிய எச்சில். பாசிக் குழாய்க்கும் பழைய ஸ்லைடுக்கும் அதில் கெடுக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பெண்மணியின் பொய்க்கு வேண்டியதை நாங்களே, எங்கள் வீட்டுச் சுத்தத்தோடு, எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறோம். அவர் மேல் இருந்த அருவருப்பு எனக்குக் குறையவில்லை. இப்போது அது அந்தச் சிமெண்டு வாய்க்கால்வரை நீண்டது.

"நாளைக்கு ரயில்" என்றாள்.

"சாயங்காலத்துக்குள்ள தங்கை பக்கத்துல உக்காந்துப்பே. அவ தலையில துணி கட்டிவிடுவே. அப்போ இருமல் வந்தா குழாயை எங்கே போய்த் திறப்பே?"

அவள் துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க உள்ளே போங்கோ, நாளைக்குத் தரேன்" என்றாள்.

"நான் பிடிச்சுக்கறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் குழாயைத் திறக்க நான் விடவில்லை. தண்ணீர் இரைச்சல் இல்லாமல் அந்த இருமலைக் கேட்டது அன்றுதான். புதிய டப்பியை அவள் வாய்க்கு அருகில் பிடித்தேன். ஈரமான எதையோ சுரண்டி எடுக்கிற சத்தம். அடுத்த வீட்டில் ஜன்னல் திறந்தது, அவள் நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. வந்தது. மஞ்சளும் பச்சையும் கலந்து, பசை போல, நடுவில் துரு நிறத்தில் ஒரு இழையோடு. விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. டப்பி என் விரலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு ஓங்கரித்தது.

"நீங்க வாந்தி எடுத்தேள்னா அதையும் நான்தான் அலம்பணும்" என்றாள் மூச்சு வாங்கியபடி. பிறகு அவளே எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

முட்டைக் கடை மாடிக்கு நான் போகவில்லை. அரசு சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே இந்தச் சோதனையைச் செய்கிற இயந்திரத்துக்கு வேண்டிய கார்ட்ரிட்ஜ் தீர்ந்திருந்தது. இங்கும் ஸ்லைடுதான் என்று ஆனதும் டப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று பார்த்தேன். ஆனால் அங்கே சோதனை செய்த இளைஞர் புதுப் பெட்டியைப் பிரித்துப் புது ஸ்லைடை எடுத்தார். டப்பியிலிருந்து துரு நிற இழையும் மஞ்சளும் இருந்த இடத்தைத் தேர்ந்து எடுத்துப் பூசினார். சாயத்தை வடிதாள் வழியாக ஊற்றினார். ஆவி எழும்போது சுடரை எடுத்துவிட்டு, அடங்கியதும் திரும்பக் காட்டினார். அலசியது கேனில் வந்த சுத்திகரித்த தண்ணீரில். கைபேசி அடித்தது, அவர் எடுக்கவில்லை. இதில் வித்தை என்று ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்தார், அவ்வளவுதான். அது ஏன் மற்ற இடத்தில் நடக்கவில்லை என்று நினைக்க எனக்கு வெறுப்பாக இருந்தது.

காலை முழுக்கக் காத்திருந்தேன். பிறகு அவர் கூப்பிட்டு, "பார்க்கணோ அங்கிள்?" என்று நுண்நோக்கியைக் காட்டினார். நீலம் தோய்த்த துணியில் அறுந்த சிவப்பு நூல் துணுக்குகள் சிதறியது போல இருந்தது. ஒன்றிரண்டு இல்லை, பார்த்த இடமெல்லாம். அழகு என்று சிலர் சொல்லக்கூடும். சந்தன சோப்பு மணக்கிற என் வீட்டில், விளக்குக்குப் பக்கத்தில், அவளுடைய நெஞ்சுக்குள் இவை இருந்திருக்கின்றன என்று நினைத்ததும் நான் கண்ணை எடுத்துவிட்டேன்.

அங்கிருந்த மருத்துவர் அன்றே காசநோய் மாத்திரை தொடங்கச் சொன்னார். எனக்கும் நெஞ்சுப் படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. பிற்பகல் ரயில் அவள் இல்லாமல் போனது. கட்டிய பெட்டியை அவள் திறக்கவில்லை, கூடத்தில் அப்படியே இருந்தது.

ரயில் நேரம் கழிந்ததும் தங்கையின் அழைப்பு வந்தது. நான் போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தேன். முழங்கால் வலி என்று சொல்லிவிடச் சொல்லி அவள் எனக்கு ஜாடை காட்டினாள். நான் போனை அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.

"அக்கா, ஏறியாச்சா? எந்தப் பெட்டி?"

"ஏறலைடீ."

"ஏன்?"

முகக்கவசத்தைக் கீழே இழுத்தாள், பிறகு மேலே ஏற்றிக்கொண்டாள். "என் கபத்துல கிருமி இருக்கு" என்றாள். அந்த வார்த்தையை அவள் உரக்கச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. "காசம். இவர் போய்ப் பார்த்தார். நானும் பார்த்தேன். மஞ்சளா இருக்கு, ரத்தம் இருக்கு. நான் அங்கே வரப்படாது."



"அக்கா, எனக்கு இங்கே தினம் பேஸின் பேஸினா வாந்தி. நீ கபத்தைச் சொல்றதுக்கு இத்தனை இழுக்கறே" என்றாள் தங்கை. பிறகு, "ஆஸ்பத்திரியில ஒரு ஹோம் நர்ஸ் சேச்சியைச் சொல்லி வெச்சிருக்கா. நாளைக்கே வரச் சொல்றேன். நீ மருந்தை ஒழுங்கா முழுங்கு. அந்தச் சேச்சிக்கு ரசம் வெக்கத் தெரியாதாம், நீ சொல்லு, நான் எழுதிக்கறேன்."

அவள் மேசையருகில் வந்து சொல்ல ஆரம்பித்தாள். புளியைச் சூடு தண்ணீரில் ஊறப்போடுவது, மிளகைப் பொடியாக்காமல் ஒன்றிரண்டாக இடிப்பது. மிளகுக்கு வந்தபோது இருமல் வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கப் பார்த்தாள், கண்ணில் நீர் வந்தது.

"விழுங்காதே" என்றது போன். "போய்த் துப்பிட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்."

அவள் எழுந்து கொல்லைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்கவில்லை. இருமல் மட்டும் நெடுநேரம் கேட்டது. பாலக்காட்டிலும் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் தங்கை ஒன்றும் பேசவில்லை, போனையும் வைக்கவில்லை.